திரையைப் பூட்டிவிட்டால் மடிக்கணினி பத்திரமா?

உணவங்காடியில் இடம் பிடிக்க டிஷ்யூ பாக்கெட். காப்பிக் கடையிலும் நூலகத்திலும் மடிக்கணினி! சிங்கப்பூரில் பலருக்கு இது பழகிப்போன ஒன்று.

"கடவுச்சொல் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம்.

திருட்டு மட்டுமே ஆபத்து அல்ல. கணினி வைத்த இடத்திலேயே இருக்கும். உள்ளே இருக்கும் தகவல்கள் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம்.

அது எப்படி?

கணினியை முடுக்கியதும் முதலில் இயங்குவது விண்டோஸ் அல்ல. சிறு சில்லில் பதிந்திருக்கும் 'ஃபர்ம்வேர்' எனும் அடிப்படை மென்பொருள்தான் முதலில் இயங்கும். அதில் யாராவது கைவைத்தால் அதற்கு மேல் உள்ள பாதுகாப்பு பயனற்றுப் போகலாம்.

2018இல் ஈசெட் நிறுவனம் கண்டறிந்த 'லோஜாக்ஸ்' அப்படிப்பட்டது. விண்டோஸை மீண்டும் நிறுவினாலும், ஹார்ட் டிஸ்க்கையே மாற்றினாலும் அது போகாது.

5 நிமிடம் போதுமா?

போதும் என்று காட்டினார் நெதர்லந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர் பியோர்ன் ரூடென்பர்க்.

2020 மே மாதம் அவர் 'தண்டர்ஸ்பை' எனும் குறைபாட்டை வெளியிட்டார். மடிக்கணினியின் அடிமூடியைக் கழற்றி, தண்டர்போல்ட் இணைப்பைக் கட்டுப்படுத்தும் சில்லின் ஃபர்ம்வேரை மாற்றினார். பூட்டிய திரை திறந்துகொண்டது. ஹார்ட் டிஸ்க் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும் அதே கதைதான்.

தண்டர்போல்ட் வசதியோடு 2019க்கு முன் வெளிவந்த விண்டோஸ், லினக்ஸ் கணினிகளில் இந்தக் குறைபாட்டை மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்ய முடியாது. அதற்குப் பிறகு வந்த சில கணினிகளில் கூடுதல் பாதுகாப்பு உண்டு.

எல்லாரும் பயப்படணுமா?

தேவையில்லை. இதற்குக் கருவியும் திறமையும் வேண்டும். ஆனால் அலுவலக ரகசியங்கள், வாடிக்கையாளர் விவரங்கள் ஆகியவற்றைக் கணினியில் வைத்திருப்போர், அதை ஹோட்டல் அறையில் விட்டுச் செல்லுமுன் யோசிக்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

- வெறுமனே மூடி வைக்காதீர்கள்; முழுமையாக அணைத்துவிடுங்கள். உறக்க நிலையில் இருக்கும் கணினியின் நினைவகத்தில் மறையாக்கத் திறவுகோல் அப்படியே இருக்கும். அணைத்தால் அது அழிந்துவிடும்.
- மறையாக்க வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அணைத்தும் பெரிய பலன் இல்லை.
- தயாரிப்பு நிறுவனம் வெளியிடும் ஃபர்ம்வேர் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள்.
- அறிமுகமில்லாதவர் தரும் கேபிளையோ சாதனத்தையோ செருகாதீர்கள்.

கடவுச்சொல் தடுப்பது விசைப்பலகையில் தட்டுபவரைத்தான். திருகாணியைக் கழற்றுபவரை அல்ல.