குட்டையை யார் சோதிப்பது?



போன வாரம் எடிசன் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில அம்மாவோட நின்னுட்டிருந்தேன். ஃப்ரீசரில் இறால் பை. பின்பக்கம் பொடி எழுத்தில்: இந்தியா, பண்ணையில் வளர்த்தது. "இதுல ஆன்டிபயாடிக் கலந்திருக்கலாம்மா, அதுக்கு அடங்காத கிருமியும்" என்றேன். அம்மா சிரிச்சாங்க. "நல்லா வேக வெச்சா கிருமி செத்துடும்டி. இதுக்கா மாஸ்டர்ஸ் படிக்கிற?"

கிருமி விஷயத்தில் அம்மா சொன்னது சரி. ஆனால் குட்டையில் இறங்கி வேலை செய்கிறவர் தண்ணீரை வேகவைத்துவிட்டு இறங்குவதில்லை.

நெருக்கமாக வளர்க்கும் இறாலுக்கு விப்ரியோ போன்ற பாக்டீரியா நோய் சீக்கிரம் பரவும். கடன் வாங்கிக் குட்டை போட்டவர் பயத்தில் தீவனத்தோடு மருந்தைக் கலக்கிறார். தின்றது போக மிச்சம் அடிச்சேற்றில் தங்குகிறது. மருந்தைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா, அந்த எதிர்ப்பு மரபணுவை மற்ற பாக்டீரியாவுக்கும் கைமாற்றும். அறுவடை முடிந்ததும் அந்தத் தண்ணீர் ஊர் வாய்க்காலுக்குப் போகிறது.

அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. என்ன பார்க்கிறது? இறால் சதையில் குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் மிச்சம் இருக்கிறதா என்று. இருந்தால் சரக்கைத் திருப்பி அனுப்பும். இந்திய இறால் பலமுறை இப்படி மாட்டியிருக்கிறது. ஆனால் முன்கூட்டியே மருந்தை நிறுத்திவிட்டால் சதை தேறிவிடலாம். சேற்றில் இருக்கும் பாக்டீரியா அங்கேயேதான் இருக்கும். இந்தச் சோதனை காப்பாற்றுவது தின்கிற நம்மை மட்டும்தான்.

"அதான் அமெரிக்க இறால் வாங்குங்க" என்று கிளம்புகிறவர்களுக்கு ஒன்று: மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்கில் பாதிக்கும் மேல் இந்த நாட்டில் பண்ணை விலங்குகளுக்குத்தான் விற்கிறது. 2025-ல் ட்ரம்ப் போட்ட 50 சதவீத வரி ஒரு குட்டையையும் சுத்தம் பண்ணவில்லை.

குட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள் நம்ம ஊரில்தான் இருந்தார்கள். நாகை வட்டாரத்தில் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் நிலமற்ற தலித் மக்களோடு இறால் பண்ணைகளை எதிர்த்துப் போராடினார்கள். காந்தியவாதிகள்தான், நம்ம கொடி பிடித்தவர்கள் இல்லை. இருந்தாலும் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது உச்ச நீதிமன்றம். கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. அரசு என்ன செய்தது? 2005-ல் ஒரு சட்டம் போட்டு, அந்த மண்டலத்தின் தடையே இந்தப் பண்ணைகளுக்குப் பொருந்தாது என்றது, அதுவும் 1991 முதல் முன்தேதியிட்டு. பதிவில்லாமல் பண்ணை நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை என்று அதே சட்டத்தில் இருந்ததையும் 2023-ல் எடுத்துவிட்டு அபராதமாக்கினார்கள். அபராதம் என்றால் முதலாளிக்கு அது இன்னொரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான்.

அதனால் "இறால் வாங்காதீங்க" என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் செய்தால் முதலில் வேலை போவது இறால் உரிக்கும் பெண்களுக்கு. இங்கே விற்கும் பெரிய கடைகளிடம் கேட்போம்: எந்தக் குட்டை, என்ன மருந்து, கழிவுநீர் எங்கே போகிறது? பதிலைப் பையிலேயே அச்சடிக்கட்டும். தண்ணீரைச் சுத்திகரிக்கும் செலவை அவர்கள் லாபத்திலிருந்து எடுக்கட்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்வைக்கிறேன். வாங்க, சண்டை போடலாம். அம்மாவும் வர்றாங்க.