பாராட்டு மேடையும் பள்ளித் திடலும்

விளையாட்டாளர்கள், சிறந்த மாணவர்கள், கல்விமான்கள் என மூன்று தரப்பினரையும் மேடையில் நிறுத்தி ஒரு பேராசிரியர் பாராட்டிப் பேசினால் நம் கைகள் தானாகத் தட்டுகின்றன. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? "ஓடினது போதும், எஸ்பிஎம் வருது, போய்ப் படி!"

பெற்றோர்களே, டாக்டர் மணி ஜெகதீசனை நினைத்துப் பாருங்கள். 1960, 1964, 1968 என மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். மருத்துவப் படிப்பும் அதே காலத்தில்தான்! 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017இல்தான் முறியடிக்கப்பட்டது. பின்னாளில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். பேராசிரியர் பாராட்டும் மூன்று தரப்பும் இந்த ஒரே மனிதரிடம் இருந்தன.

பேராசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பல தமிழ்ப்பள்ளிகளில் ஓடுவதற்கு முறையான திடல் இல்லை. தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்தபோது திடலையும் அங்கேயே விட்டு வந்தோம். (மாலையும் பொன்னாடையும் மட்டும் கூடவே வந்துவிட்டன!) அடுத்த மேடையில் இதையும் பேசுங்கள். கல்வி அமைச்சுக்கு மகஜர் கொடுக்கப் பெற்றோர்கள் தயார். முதல் கையொப்பம் உங்களுடையதாக இருக்கட்டும்.