பாதி இணையத்துக்கு முழுக் கட்டணமா?



வீட்டுக்கு இணைய இணைப்பு எடுத்திருக்கும் வாசகர்கள் ஒருமுறை தங்கள் ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளி இணைப்புக்கென அதில் காட்டப்படும் ஐபி முகவரியைப் பார்க்கட்டும். அது 100.64 முதல் 100.127 வரையான எண்களில் ஏதாவதொன்றில் தொடங்கினால், இணையத்தில் அவர்களுக்கென்று தனி முகவரி கிடையாது. முன்பின் தெரியாத பலரோடு சேர்த்து ஒரே முகவரியைச் சேவை வழங்குநர்கள் அவர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நூறு பேர் தங்கும் போர்டிங்குக்கு ஒரே கேட். உள்ளேயிருப்பவர் வெளியே போகலாம், அவரைத் தேடி வருகிறவரை மட்டும் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இணைப்பை விற்க வருகிறவர்கள் வேகத்தையும் ஜிபி கணக்கையும் சொல்வார்கள், இதைச் சொல்ல மாட்டார்கள்.

நான் பொத்துவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியன். பழைய கொம்பியூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, உறவினர்களின் காணி உறுதிகள், பாடசாலை மலர்கள், கலியாணப் படங்கள் என்று ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது ஆட்களோடு பத்திரங்களும் போயின. கையில் கடதாசி இல்லாமல் அதன் பிறகு எத்தனை அலுவலகப் படி ஏறினோம் என்பதை இந்தக் கரையோரத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் எங்கள் பிள்ளைகள் வாப்பாவின் உறுதியை அங்கிருந்தே பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். வீட்டுக்குள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. வெளியிலிருந்து ஒருவரும் உள்ளே வர முடியவில்லை. சேவை வழங்குநரைக் கேட்டால், “வீட்டு பெக்கேஜில் பொது முகவரி இல்லை சேர், 80, 443 போர்ட்களும் திறக்க முடியாது, பிஸ்னஸ் பெக்கேஜுக்கு மாறுங்கள்” என்கிறார்கள். இணையத்தளம் ஒன்றைத் திறக்கும் எவரும் வந்து தட்டுவது இந்த இரண்டு போர்ட்களைத்தான்.

இது வேலையற்ற கிழவன் ஒருவனின் பொழுதுபோக்குப் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். அறுகம்பையில் விடுதி வைத்திருப்பவர்களும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் உம்மாமாரும் சிசிடிவி பூட்டியிருக்கிறார்கள். டோஹாவிலிருக்கும் மகன் தன் வீட்டுக் கெமராவைப் பார்க்க வேண்டும். நேர்வழி அடைபட்டிருப்பதால், பூட்ட வரும் தம்பி கைபேசியில் ஒரு செயலியைப் போட்டு, கியூஆர் குறியீட்டைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு, வீட்டுக் கெமராவை வீட்டுக்காரரே பார்ப்பதற்கும் எந்த நாட்டிலோ இருக்கும் கெமராக் கொம்பனியின் சேர்வர் இடைத்தரகு செய்ய வேண்டும். முற்றத்துப் படமும், பின்வாசலில் பெண்கள் உடுப்புக் காயப்போடும் படமும் யார் கைக்குப் போகக்கூடும் என்று நாங்கள் கேட்பதில்லை. மதிலை உயர்த்திக் கட்டுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசி இதற்கும் இருக்க வேண்டாமா?

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. பழைய முறை (ஐபிவி4) முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. உலகளாவிய கையிருப்பு 2011 பெப்ரவரியில் பகிர்ந்து முடிந்தது, அதே ஆண்டு ஏப்ரலில் எங்கள் ஆசிய பசுபிக் பிராந்தியத்திலும் பங்கீட்டு முறைக்கு வந்துவிட்டார்கள். 25ஆம் போர்ட்டை அடைப்பதற்கும் காரணம் தெரியும்: வைரஸ் பிடித்த வீட்டுக் கொம்பியூட்டர்கள் அதன் வழியாகத்தான் குப்பை மின்னஞ்சலைக் கொட்டின. 2017இல் வன்னாகிரை என்ற கணினிக் கிருமி பரவியது 445ஆம் போர்ட் வழியாக. இவற்றை அடைத்து வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 80, 443 இரண்டையும் அடைத்துவிட்டு, கூடுதல் காசு கட்டினால் திறப்போம் என்பதைப் பாதுகாப்பு என்று எப்படி ஏற்பது? காசு கட்டியதும் அந்த ஆபத்து எங்கே போகிறது? முகவரிப் பஞ்சத்துக்கும் மருந்து இருக்கிறது. ஐபிவி6 முறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முகவரி என்ன, ஒரு பெரிய தொகுதியையே கொடுக்கலாம். அதைக் கொடுத்துவிட்டு அதிலும் உள்வரும் வழியைப் பூட்டி வைத்தால் என்ன பயன்?

மாற்றுவழி இல்லையா என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் மாதவாடகைக்குச் சேர்வர் எடுக்கலாம். பொத்துவிலிலிருந்து பக்கத்து ஊரான கோமாரிக்குப் போக வேண்டிய படம் சிங்கப்பூர் போய்த் திரும்பும், வாடகை டொலரில். 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360 ஆனதைப் பார்த்தவர்கள் நாங்கள். 2025 ஜூலையில் இங்கு வந்த செய்மதி இணையமான ஸ்டார்லிங்கும் சாதாரண வீட்டு இணைப்புக்குப் பங்கு முகவரிதான் தருகிறது. அரசாங்கத்தின் கையில் கொடுத்தால் பத்திரம் என்றால், 2023 ஓகஸ்டில் அரசின் தரவுச் சேமிப்பான லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் பிரதி இல்லாமல் அழிந்த கதையை நாடே அறியும். வீட்டில் வைத்தால் மட்டும் கரண்ட் போகாதா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். போகும். பாணந்துறை மின் உபநிலையத்தில் ஒரு குரங்கு ஏறினால் முழு இலங்கையும் இருளும் என்பதை 2025 பெப்ரவரியில் கண்டோமே. கரண்ட் வந்ததும் என் கொம்பியூட்டரை நான் திரும்பப் போடுவேன், பூட்டிய போர்ட்டை என்னால் திறக்க முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் கொண்டுவந்த திறந்த இணைய ஒழுங்குவிதி, பாவனையாளருக்குத் தகவலைப் பெறும் உரிமையோடு அதைப் பரப்பும் உரிமையையும், சேவைகளைத் தானே வழங்கும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. எங்கள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் பாவனையாளரின் நலனைக் காப்பதை நோக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. அந்த நோக்கத்தின் பெயரால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முதலில் கேட்பது செலவில்லாத ஒன்று: எந்தப் போர்ட்கள் அடைக்கப்பட்டிருக்கின்றன, பொது முகவரி உண்டா இல்லையா என்பதை இணைப்பு விண்ணப்பத்திலேயே, வேகம் அச்சிடப்படும் அதே அளவு எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடச் செய்யுங்கள். கையொப்பம் வைக்கும் முன் ஆட்கள் வாசிக்கட்டும். அடுத்து, வீட்டுப் பாவனையாளர் எழுத்தில் கேட்டால் 80, 443 இரண்டையும் மேலதிகக் கட்டணமின்றித் திறந்துவிடவும், ஐபிவி6 வழியை உள்வரும் பக்கத்திலும் திறக்கவும் பணியுங்கள். 25ஆம் போர்ட்டை நிறுவனங்களே வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
பொத்துவில்.