சாவி யார் கையில்?

மூட்டை தூக்கியவர்களின், கிளீனராக ஓடியவர்களின் பிள்ளைகள் இன்று சொந்தமாக ரெக்கவரி வண்டி வாங்கத் துணிகிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் எந்த வண்டி?

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியம் உண்டு. அதைக் காட்டியே பெரிய வண்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வண்டி பெரிதானால் தவணையும் பெரிதாகும். ஓட்டம் இல்லாத மாதத்திலும் அது நிற்காது.

மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியில் தொடங்குவோம். இலகுரக உரிமத்திலேயே அதை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மொத்த எடை என்பது வண்டி, மேலே கட்டும் தளம், வின்ச், ஏற்றும் கார் எல்லாம் சேர்ந்தது. தளம் கட்டியபின் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று கேட்டபிறகே கையெழுத்துப் போடுவோம்.

இன்னொன்று. “உன் பேரில் கடன் எடு, வண்டியை நான் பார்த்துக்கிறேன், மாசம் ஏதாவது தர்றேன்” என்று ஊரில் வசதியானவர் வருவார். தவணை தவறினால் வங்கி தட்டுவது நம் வீட்டுக் கதவை. ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் இருந்தால் போதாது தோழர்களே. சாவியும் கணக்கு நோட்டும் நம் கையில் இருக்க வேண்டும். அதுதான் உரிமை.