பாரமில்லாமல் நடக்கும் உருவங்கள்

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, இடுப்பில் படங்கு கட்டி, நிறைந்த கொழுந்தோடு மழை ஈரத்தில் மலையிறங்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பாரம் சுமக்கிற உடம்பு எப்படி நடக்கும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கழுத்து முன்னுக்கு வந்திருக்கும். முழங்கால் முழுதாக நிமிராது. கால் மண்ணில் ஊன்றிய பிறகுதான் உடம்பு அந்தக் காலுக்கு மாறும். இப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால், கவசம் பூண்ட ஒரு மாவீரன் பாதம் தரையில் பட்டதா இல்லையா என்றே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கம்பியூட்டரில் செய்த அனிமேஷன் படம் என்றால் எந்த மொழியில் வந்தாலும் தேடிப் பார்க்கிறவன் நான். பார்த்துவிட்டு ஆதங்கப்பட்டால் லயத்தில் கிடைக்கிற பதில் எப்போதும் ஒன்றுதான். "சின்னப் புள்ளைங்க படத்துக்குப் போயி ஏண்ணே இம்புட்டுக் கோபப்படுறீங்க?" இந்தக் கேள்விதான் என்னை அதிகம் நோகடிக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் அரைகுறையாகச் செய்து கொடுத்துவிடலாமா? படம் எடுக்கிறவர், குரல் கொடுக்க வைக்கிறவர், வாங்கி ஒளிபரப்புகிறவர், டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போகிற பெற்றோர், எல்லோருக்கும் அந்த ஒரு சமாதானம் போதுமாக இருக்கிறது.

தமிழில் இந்த வகைப் படம் வராமல் இல்லை. 2007இல் இளையராஜா இசையில் 'இனிமே நாங்கதான்' வந்தது. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? பிறகு 2014 மே 23ஆம் திகதி 'கோச்சடையான்' வந்தது. சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கினார், ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார். நடிகரின் அசைவைப் பதிவு செய்து உருவத்துக்குள் ஏற்றும் மோஷன் கேப்சர் முறையில், மனிதரை அச்சாகக் காட்ட முயன்று இந்தியாவில் வந்த முதல் முழுநீளப் படம் அது. தோட்டத்துப் பையன்கள் கட்அவுட்டுக்கு மாலை போட்ட உற்சாகத்தை நானும் பகிர்ந்துகொண்டவன்தான். ஆனால் உள்ளே போய் உட்கார்ந்ததும் மனம் சோர்ந்துபோனது. கண் உயிரில்லாமல் கிடந்தது. உதடு ஒன்று பேச, கன்னம் வேறெங்கோ இருந்தது. ரஜினியின் வேகத்தைத்தானே ஊர் கொண்டாடுகிறது? தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறாரே, அந்த வெட்டு திரைக்கு வந்து சேரவேயில்லை.

அதைவிடப் பெரிய வருத்தம் நாகேஷ். 2009இல் காலமான அந்தக் கலைஞரின் முகத்தைக் கணினியில் மீண்டும் உருவாக்கி நடிக்கவிட்டார்கள். நாகேஷின் கலை முகத்திலா இருந்தது? எலும்பே இல்லாததுபோல் வளையும் அந்த உடம்பில், கால் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போய்க் கடைசி நொடியில் ஒன்றாக வந்து சேரும் அந்தக் கணக்கில் இருந்தது. வேறொருவருடைய அசைவின் மேல் அவர் முகத்தைப் பொருத்தினால் நாகேஷ் வந்துவிடுவாரா? இதை அந்தத் தயாரிப்பில் ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லையா என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

நடிகர் உடலில் ஒட்டும் புள்ளிகளைக் கெமராக்கள் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் வேலை தொடங்குகிறது. பதிவில் கால் வழுக்கும், கை உடலுக்குள் புகும், பார்வை எங்கும் நிலைக்காது. அனிமேட்டர்கள் ஒவ்வொரு சட்டகமாக உட்கார்ந்து இவற்றைத் திருத்த வேண்டும். ஒரு வினாடிக்கு 24 சட்டகம். அவசரப்பட்டால் அந்த அவசரம் முழுவதும் திரையில் தெரியும்.

ஜப்பானிய விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970இலேயே ஒன்றைச் சொல்லிவைத்தார். செயற்கை உருவம் மனிதனை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துக்கொண்டே வரும், ஆனால் மிக நெருங்கி இன்னும் கொஞ்சம் குறை இருக்கும் இடத்தில் சட்டென்று அருவருப்பு வரும். 2004 நவம்பரில் சில நாள் இடைவெளியில் அமெரிக்காவில் இரண்டு படங்கள் வெளியாகின. 'தி போலார் எக்ஸ்பிரஸ்' டொம் ஹாங்க்ஸை அச்சாகக் கொண்டுவரப் பார்த்து, பிள்ளைகளையே பயமுறுத்தும் கண்களோடு வந்தது. 'தி இன்கிரெடிபிள்ஸ்' குட்டைக் காலும் அகன்ற தோளுமாக வேண்டுமென்றே கார்ட்டூன் மனிதர்களை வைத்தது. இன்றைக்கும் அந்தக் குடும்பம் மேசையில் உட்கார்ந்து சண்டை போடுவதைப் பார்த்தால் நம் வீட்டுச் சண்டைபோல் இருக்கிறது. கோச்சடையானுக்குப் பத்து வருடம் முன்னதாகவே உலகம் பார்த்துவிட்ட பாடம் இது.

மினுமினுப்பைத் தரம் என்று எடுத்துக்கொள்வதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்னோட்டம் வந்ததும் "தண்ணி எவ்வளவு நெசமா இருக்கு பாரு, முடி எவ்வளவு நெசமா இருக்கு பாரு" என்கிறார்கள். 2001இல் வந்த 'மொன்ஸ்டர்ஸ் இன்க்' படத்தில் சல்லி என்ற அரக்கனின் உடம்பில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட மயிர்கள். உண்மைதான், அது பெரிய வேலைதான். ஆனால் அந்தப் படத்தில் என்னை உலுக்கியது வேறு. வேலைக்காகக் கர்ஜித்துக் காட்டும்போது தான் பாசம் வைத்த குட்டிப்பெண் தன்னைப் பார்த்துப் பயந்து ஒடுங்குவதை அவன் காண்கிறான். தன் முகம் எவ்வளவு கொடூரம் என்று திரையில் பார்த்துத் திகைக்கிறான். அந்தத் திகைப்புக்கு ஒரு மயிர்கூடத் தேவையில்லை. அந்தப் படத்தைச் செய்த பிக்சார் நிறுவனம் 1986இல் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' இரண்டரை நிமிடம்கூட இல்லை. இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து. கண் கிடையாது, வாய் கிடையாது. பந்து உடைந்ததும் குட்டி விளக்கு தலையைத் தொங்கப்போடுகிற விதத்தைப் பார்த்தால் நமக்கே அதைத் தூக்கிச் சமாதானப்படுத்தத் தோன்றும். துள்ளும் முன் ஒரு பதுங்கல், விழும்போது ஒரு கனம். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

2019இல் வந்த புதிய 'தி லயன் கிங்' இதை மறந்துபோன படம். சிங்கத்தை அப்படியே காட்டுச் சிங்கமாகச் செய்தார்கள். காட்டுச் சிங்கம் புருவம் உயர்த்தி அழுமா? தகப்பன் இறந்து கிடக்கும்போதும் சிம்பாவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. 1994இல் கையால் வரைந்த சிம்பா அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. தமிழில் முதற்படத்தின் சிம்பாவுக்குக் குரல் கொடுத்த அரவிந்த்சாமி, புதிய படத்தில் ஸ்கார் ஆனார். அழுத்தமான குரல். அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்கும் முகம் திரையில் இல்லாமல் போனது.

டப்பிங் என்றதும் அடுத்த மனக்குறை வருகிறது. சுட்டி டிவியில் 'டோராவின் பயணங்கள்' பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அதற்கு நான் நன்றிதான் சொல்வேன். ஆனால் பெரிய படங்கள் வரும்போது சென்னை சினிமாவின் பஞ்ச் வசனமும் நடிகர்களின் பெயரும் இடைக்கிடை வந்து விழுகின்றன. பாத்திரம் ஆபிரிக்காவிலோ கடலடியிலோ இருந்து பேசும்போது திடீரென்று கோடம்பாக்கம் குறுக்கே வந்து நின்றால், அதுவரை நம்பிய உலகம் கலைந்துவிடாதா? வாய் அசைவு நின்ற பிறகும் பேச்சு ஓடுகிறது, அதை யாரும் குறையாக எடுப்பதில்லை.

அதே வேலையை எங்கள் நாட்டிலேயே ஒருவர் நேர்த்தியாகச் செய்துகாட்டினார். டைட்டஸ் தொட்டவத்த, லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வுக்குப் படத்தொகுப்பு செய்தவர். ரூபவாஹினியில் பக்ஸ் பன்னி 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனதும், டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித' ஆனதும் அவர் கையில். சிங்களம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பார்த்த தோட்டத்துப் பிள்ளைகளும் சரியான இடத்தில் சிரித்தார்கள். அந்த முயல் சிங்கள ஊரொன்றில் பிறந்ததுபோலவே பேசியது. பிள்ளைகளுக்கென்று அவர் குறைத்துச் செய்யவில்லை. நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லையே என்று எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. 2023இல் கமிலஸ் பெரேராவின் பத்திரிகைச் சித்திரக்கதை நாயகன் 'கஜமன்', சானக்க பெரேராவின் இயக்கத்தில் முழுநீள முப்பரிமாணச் சிங்களப் படமாகவும் வந்துவிட்டான். சொந்த ஊர் உருவத்தை எடுத்துக்கொண்டு ஒரு கூட்டம் துணிந்து இறங்கியது.

நாம் எதை எடுத்துக்கொண்டோம்? மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்பு அடிக்கு ரதியும் மதனும் கால் வைப்பதைப் பார்த்தவர்கள் சொல்லட்டும், அதைவிட அழகாக அனிமேஷனுக்குப் பொருந்தும் அசைவு வேறு எங்கே இருக்கிறது? தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைவரை நடந்த எங்கள் முன்னோர் கதை இருக்கிறது. 2023இல் அவர்கள் வந்த 200 வருட நினைவாக அந்தப் பாதையை மீண்டும் நடந்தார்கள். அனிமேஷனாக எடுக்க இதற்கு மேல் என்ன கதை வேண்டும்?

"காசு எங்கே இருக்கு?" என்பார்கள். காசு இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அது மட்டும்தான் காரணம் என்பதை மறுக்கிறேன். லத்வியா என்று ஒரு நாடு, சனத்தொகை 20 லட்சத்துக்கும் குறைவு. 2012 கணக்கெடுப்பில் நுவரெலியா மாவட்டத்தில் மட்டுமே 7 லட்சத்துக்கு மேல் மக்கள். அந்த நாட்டு இளைஞர் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 2019இல் 'அவே' என்ற முழுப்படத்தைத் தனியாளாகச் செய்தார். பிறகு ஒரு சிறு குழுவோடு, இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் 'ஃப்ளோ' எடுத்து 2025இல் ஒஸ்கார் வாங்கினார். அந்தப் பூனையின் ரோமம் மினுங்கவில்லை. சில இடங்களில் வரைபடம் கரடுமுரடாகவே இருக்கிறது. ஆனால் அது பூனையாகவே நடக்கிறது. தண்ணீரில் இறங்கத் தயங்கும்போது அந்த முன்னங்கால் பின்வாங்குவதைப் பாருங்கள்! ஒலிக்காக உண்மை மிருகங்களைத் தேடிப்போய்ப் பதிவு செய்தார்கள். கேபிபாரா என்ற பிராணியின் சொந்தக் குரல் அதன் சுபாவத்துக்குப் பொருந்தாததால் ஒட்டகக்குட்டியின் குரலைப் போட்டார்கள். பிள்ளைகளும் பார்க்கும் படத்துக்கு அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

அதே 2025 ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா'வை எங்கள் பக்கமும் பக்தியோடு பார்த்தார்கள். தூண் பிளந்து வரும் அந்தக் கடைசிச் சண்டை எனக்கும் சிலிர்த்தது. அதற்கு முன்பு அரண்மனையில் மரம்போல் நிற்கும் மனிதர்களைப் பற்றிச் சொன்னால் "சாமி படத்துல குத்தம் பார்க்கக்கூடாது" என்று வாயை அடைக்கிறார்கள். சாமி படமென்றால்தானே இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும்? சிற்பி கோணலாய்ச் செதுக்கினால் கும்பாபிஷேகம் வைப்போமா?

'ஃப்ளோ'வில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் எதற்கும் டப்பிங் செலவு இல்லை, எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டியும் பேத்தியும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். அது எங்கள் பக்கத்துத் தியேட்டர்களில் பார்க்கக் கிடைக்கவில்லை. ஒரு தியேட்டரில் கேட்டதற்கு, பேச்சில்லாத படத்துக்கு யார் வருவார் என்றார்கள். தியேட்டர்காரர்கள் போடாவிட்டால் போகட்டும். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு பாடசாலை மண்டபமும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் போதும், முறையாக அனுமதி எடுத்து டிசம்பர் விடுமுறையில் போடலாம். அதிபர்மாரே, தோட்டத்து வாலிபர் சங்கத்தவரே, யாராவது இதைக் கையில் எடுங்கள். கதிரை அடுக்குவதற்கும் நோட்டீஸ் ஒட்டுவதற்கும் நான் வருகிறேன்.