கொம்பு எந்தப் பக்கம்?

எனக்கு ஒரு அத்தை மகள் உண்டு. ஒரு காலத்தில் இரண்டு வீட்டிலும் எங்களைச் சேர்த்து லேசாகப் பேச்சு அடிபட்டது. அப்புறம் அவள் சமயோசிதமாகச் சிறப்புக் கல்வியில் பி.எட். படிக்கப் போய்த் தப்பித்துக்கொண்டாள். இன்று ஒரு ஒன்றியத்துப் பள்ளிகளுக்கெல்லாம் மாற்றுத்திறன் மாணவர்களின் படிப்பை ஒருங்கிணைப்பது அவள் வேலை. (இனி அ.ம. என்று சுருக்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதினால் வீட்டில் காப்பி ஆறிப்போய் வருகிறது.)

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். "அத்தான், டீம் லீடர் டீம் லீடர்னு பீத்திக்கறீங்களே, ஒருநாள் என்கூட வந்து பாருங்க" என்றாள்.

எனக்குக் கீழே ஏழு பேர். ஏழு பேரும் ஒரே ஹாலில் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் நான் சொன்னால் கேட்பார்கள். அ.ம.வுக்கு அறுபது சொச்சம் பள்ளிகள். கூட ஐந்து சிறப்புப் பயிற்றுநர்கள், ஒரு இயன்முறை மருத்துவர். பள்ளிக்கு ஒரு தலைமை ஆசிரியர் வீதம் அறுபது சொச்சம் தலைமை ஆசிரியர்கள். ஒருவர்கூட அவளுக்குக் கீழே இல்லை. அதட்ட முடியாது, மெமோ கொடுக்க முடியாது. அவளுடைய மொத்த அதிகாரமும் ஒரு ஸ்கூட்டர், ஒரு தடி நோட்டு, ஒரு சிரிப்பு.

காலை எட்டரைக்குப் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

*

முதல் பள்ளியில் சக்கர நாற்காலிக்காகச் சாய்வுதளம் கட்டியிருந்தார்கள். 1 அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு வேண்டும் என்பது கணக்கு. இங்கே கான்ட்ராக்டர் சிக்கனமானவர். சறுக்குமரத்துக்கும் அதற்கும் கைப்பிடி மட்டும்தான் வித்தியாசம். மேலே யாருடைய பைக்கோ பத்திரமாக நின்றுகொண்டிருந்தது.

அ.ம. முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "சார், சாய்வுதளம் இருக்கறதே பெரிய விஷயம். இன்னும் நாலடி நீட்டி ஒரு திருப்பம் வெச்சுட்டா உங்க ஸ்கூலைத்தான் மத்தவங்களுக்கு மாடலாக் காட்டுவேன்" என்றாள். தலைமை ஆசிரியர் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. பைக் அரை நிமிஷத்தில் இறங்கிவிட்டது.

இரண்டாவது பள்ளியில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் காது கேட்பது குறைவு. அரசாங்கம் கொடுத்த காதொலிக் கருவி இருக்கிறது. எங்கே இருக்கிறது? தலைமை ஆசிரியையின் பீரோவில்!

"தொலைஞ்சுட்டா யாரும்மா பதில் சொல்றது? அரசாங்கச் சொத்து" என்றார் அவர், சாவியை இடுப்பில் தடவியபடி.

நான் சிரித்துவிட்டேன். அ.ம. என் காலை மிதித்தாள். பிறகு ஒரு சின்ன ரிஜிஸ்டர் போட்டுக் கொடுத்தாள். காலையில் கருவியை வாங்கும்போது பெண்ணின் கையெழுத்து, பாட்டரி மாற்றிய தேதி, பழுதானால் வட்டார வள மையத்தின் பொறுப்பு என்று அவளுடைய கையெழுத்து. அம்மையாரின் பயம் அதிலே போய்விட்டது. கருவி பீரோவிலிருந்து காதுக்கு வந்தது. கிளம்பும்போது வகுப்பாசிரியரிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "போர்டுல எழுதிக்கிட்டே பேசாதீங்க சார். எழுதி முடிச்சுட்டுத் திரும்பிப் பேசுங்க. அவ உங்க உதட்டையும் சேர்த்துத்தான் கேக்கறா."

ஸ்கூட்டரில் கேட்டேன். "ஏன் அந்தம்மாவை நாலு கேள்வி கேக்கலே?"

"கேட்டா கருவி இன்னிக்கு வெளியே வரும் அத்தான். நாளைக்கு மறுபடி பீரோவுக்குப் போயிடும். எங்க ஆளு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாரத்துல ஒருநாள் போனாலே அதிர்ஷ்டம். மிச்ச நாலு நாள் அந்தப் பிள்ளை யார்கிட்டே இருக்கு? அவங்ககிட்டேதானே? பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றது என் வேலையில பாதிதான். மீதிப் பாதி பெரியவங்களோட பயத்தைப் போக்கறது."

*

நடுவில் கொஞ்சம் சட்டம். தூங்கிவிடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே சேர்த்துப் படிக்க வைக்க மத்திய அரசு 1974லேயே ஒரு திட்டம் போட்டது. 1995ல் தனிச் சட்டம் வந்தது. அது ஊனம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டவை 7 வகை. 2016ல் வந்த புதுச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம் சேர்ந்தது. கற்றல் குறைபாடும் சேர்ந்தது. கண் நன்றாகத் தெரியும், காது நன்றாகக் கேட்கும், மூளையும் நன்றாக வேலை செய்யும், எழுத்து மட்டும் பிடிகொடுக்காது. ஆங்கிலத்தில் டிஸ்லெக்ஸியா என்கிறோமே, அது.

அதாவது, 1995ல் படித்த டிஸ்லெக்ஸியா பையனுக்குச் சட்டப்படி ஒரு பிரச்னையும் கிடையாது. வாத்தியார்படி அவன் மக்கு. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் இங்கிலாந்தில் பிரிங்கிள் மார்கன் என்கிற டாக்டர் 1896லேயே இப்படி ஒரு 14 வயதுப் பையனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதிவிட்டார். கெட்டிக்காரப் பையன், வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுக்க வாயாலேயே நடந்தால் பள்ளியில் இவனை மிஞ்ச ஆளில்லை என்பது அவன் ஆசிரியரின் அபிப்பிராயம். டாக்டர் பேனாவிலிருந்து நம் சட்டப் புத்தகத்துக்கு வர 120 வருஷம் ஆகியிருக்கிறது. சில மாநகரப் பஸ்கள் பரவாயில்லை.

2021ல் சுப்ரீம் கோர்ட் ஒரு கணக்குச் சொன்னது. சாதாரணப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், தொடக்கப் பள்ளி தாண்டினால் 15 பேருக்கு ஒருவர் என்று. 2025 மார்ச்சில் மறுபடி மாநிலங்களைக் கூப்பிட்டு, எத்தனை பணியிடம் என்று அறிவியுங்கள் என்றது. அ.ம.வின் நோட்டில் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள் என்று எட்டிப் பார்த்தேன். டக்கென்று மூடிவிட்டாள்.

*

மூன்றாவது பள்ளிதான் அன்றைக்கு முக்கியம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். வாய்ப்பாடு கேட்டால் ஒப்பிப்பான். கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தை நீட்டினால் முகம் வெளுத்துவிடும். 'படம்' என்பதைப் 'பட்டம்' என்பான், அடுத்த வரியில் அதே சொல்லைப் 'பாடம்' என்பான். கண், காது இரண்டையும் முகாமில் சோதித்தாயிற்று, பழுதில்லை. அடுத்தது மனநல நிபுணர் பார்க்க வேண்டும்.

அதற்குள் தலைமை ஆசிரியர் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "இவனை ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா கட்டட வேலை செய்கிறவர். "அவ்வளவு தூரம் யாருங்க கூட்டிட்டுப் போறது? பேசாம என்கூட வேலைக்கு வரட்டும், சித்தாளா எடுபிடிக்கு ஆகும்" என்று முடிவு செய்துவிட்டாராம். அடுத்த திங்களிலிருந்து பையன் வரமாட்டான். ஒன்பது வயது.

வகுப்பாசிரியர் நல்ல மனிதர். "மேடம், முப்பத்தெட்டுப் பசங்க. இவன் ஒருத்தனுக்காக நான் என்ன செய்ய முடியும்? சோம்பேறித்தனம் மேடம். மனசு வெச்சா வரும்."

அ.ம. வாதாடவில்லை. பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து மேஜைமேல் நிறுத்தினாள். "அத்தான், இங்கே வாங்க. பேப்பரைப் பார்க்கக் கூடாது. கண்ணாடியில மட்டும் பார்த்துக்கிட்டு 'கொக்கு'ன்னு எழுதுங்க."

இதென்ன பிரமாதம் என்று பேனாவை எடுத்தேன். உங்கள் ஆபீஸில் லஞ்ச் டைமில் செய்து பாருங்கள். கை மேல்பக்கம் போக நினைத்தால் கண்ணாடி வேறெதையோ காட்டுகிறது. கொம்பு எந்தப் பக்கம் சுழிப்பது? 'கொ'வே ஒரு விஷமம் பிடித்த எழுத்து. வாய் முதலில் சொல்வது 'க்'. கை முதலில் எழுதுவது கொம்பு. அப்புறம் க. அப்புறம் பின்னால் ஒரு கால். 'ஒ' என்கிற ஒரே சத்தத்தை இரண்டாகப் பிளந்து க-வுக்கு முன்னாலும் பின்னாலும் காவல் நிறுத்தியிருக்கிறோம். இத்தனை நாள் இது என் கண்ணில் பட்டதேயில்லை. பேனா நடுங்கிக்கொண்டு அதே இடத்தில் வட்டமடித்தது.

"ம், சீக்கிரம்" என்றாள் அ.ம. குரல் மாறியிருந்தது. "நாலாங்கிளாஸ் பசங்க எழுதறது. இதுகூட வராதா? நேத்துதானே சொல்லிக் குடுத்தேன்? மனசு வெச்சா வரும்!"

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பையன்கள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வகுப்பாசிரியர் சிரிக்கவில்லை. என் பேப்பரில் இருந்த கிறுக்கலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவன் நோட்டும் இப்படித்தான் மேடம் இருக்கு" என்றார் மெதுவாக.

அப்புறம் அரை மணி நேரம் இருவரும் தலையோடு தலை வைத்து உட்கார்ந்து எழுதினார்கள். அந்தப் பையனுக்கான தனித் திட்டம். நம் ஆபீஸ் அப்ரைசலில் 'முனைப்போடு செயல்படுதல்' என்று எழுதுவோமே, அந்த ரகம் இல்லை. 'தீபாவளிக்குள் ஒற்றைக் கொம்பு உள்ள 10 சொற்களை உதவியின்றிப் படிப்பான்.' அவ்வளவுதான் இலக்கு. வழியும் எழுதியிருந்தது. முதல் வரிசையில் இடம். எல்லார் முன்னாலும் எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. சமூக அறிவியல் பரீட்சையில் கேள்வியை ஆசிரியர் படித்துக் காட்டுவார், பதிலை அவன் வாயால் சொல்லலாம். தினமும் பத்து நிமிஷம் தட்டில் மணல் பரப்பி, சத்தம் சொல்லிக்கொண்டே விரலால் எழுத்து.

"கண், காது, கை மூணையும் ஒண்ணா வேலை வாங்கணும். வெளிநாட்டுல இதுக்குப் பெரிய பெரிய பேரெல்லாம் வெச்சிருக்காங்க" என்றாள்.

"இது நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்து வேலைதானே மேடம்?" என்றார் ஆசிரியர். "எங்க தாத்தா மணல்லதான் எழுதினாராம்." அந்த நிமிஷத்திலிருந்து திட்டம் அவருடையது ஆகிவிட்டது. சாயந்திரம் பையனின் அப்பாவைத் தானே போய்ப் பார்ப்பதாகவும் ஒப்புக்கொண்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அந்தக் கண்ணாடி வித்தையை வாத்தியாருக்கே வெச்சிருக்கலாமே?"

"அவரைப் பசங்க முன்னாடி முட்டாளாக்கினா அப்புறம் எனக்கு ஒத்துழைப்பாரா? அதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வந்தேன்."

*

சிரித்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஐந்தாம் வகுப்பில் என் பெஞ்சில் ஒருவன் இருந்தான். பம்பரம் விட்டால் கையில் ஏந்தி விடுவான். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்காது. எங்கள் வாத்தியாரிடம் ஒரு வழக்கம். பதில் சொன்னவன், சொல்லாதவன் தலையில் குட்ட வேண்டும். மெதுவாகக் குட்டினால் நமக்கு விழும். நான் நன்றாக வாசிப்பேன். ஆகவே தினம் அவன் தலையில் குட்டினேன். சத்தம் கேட்கிற மாதிரி. அவன் என்னைத் திட்டியதில்லை. இடைவேளையில் வழக்கம்போல் பம்பரம் கொடுப்பான்.

ஆறாம் வகுப்புக்கு அவன் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மக்குப் பையன்கள் நின்றுவிடுவது அப்போதெல்லாம் மழை நிற்கிற மாதிரி ஒரு சாதாரண சமாசாரம்.

இப்போது ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 3,500 ரூபாய் வரை என்று அரசாங்கத் திட்டத்தில் ஒதுக்கியிருக்கிறார்கள். கருவி, முகாம், போக்குவரத்து எல்லாம் அதிலிருந்துதான். ஆனால் அன்றைக்கு நான் பார்த்ததில் ரொம்ப வேலை செய்தது ஒரு தட்டு மணல். இன்னொன்று, ஒரு வாத்தியார் மனசு மாறியது. பெஞ்சுக்காரனுக்கு இரண்டும் கிடைக்கவில்லை. என் முட்டிதான் கிடைத்தது.

ராத்திரி வீட்டுக்கு வந்தால், இரண்டாவது படிக்கிற என் பிள்ளை ஹோம்வொர்க்கை நீட்டினான். 'கோழி' எழுதியிருந்தான். இரட்டைக் கொம்பு க-வுக்குப் பின்னால் போய்ப் படுத்திருந்தது. "எத்தனை தடவைடா சொல்றது?" என்று ஆரம்பித்து வலது கை தானாக மடங்கியது.

கையைப் பார்த்தேன். அதே முட்டி.

எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டிப் பரப்பிக்கொண்டு வந்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்தோம். அவன் விரலைப் பிடித்து, சத்தமாகச் சொல்லிக்கொண்டே, முதலில் இரட்டைக் கொம்பு...

"நாளைக்குக் காலையில உலைக்கு வேணும் அந்த அரிசி, ஞாபகம் இருக்கட்டும்" என்று குரல் வந்தது.

பிறகு, "யாரு சொல்லிக் குடுத்தது இந்த வித்தை?"

நான் பதில் சொல்லவில்லை. இங்கே அ.ம. என்று சுருக்கினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.