கையில் கம்பி, காதில் பூ

ஒரகடம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்போது ஞாயிற்றுக்கிழமை இலவச முகாம் சீசன். ஒரு உலோகக் கம்பியைக் கையில் பிடிக்கச் சொல்கிறார்கள். லேப்டாப்பில் கலர் கலராகப் பட்டைகள் ஓடுகின்றன. "சார், உங்க உடம்புல ஃப்ரீ ராடிக்கல் ஜாஸ்தி" என்கிறார் டை கட்டிய தம்பி. மறு நிமிடம் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை டப்பா மேஜைக்கு வருகிறது. மெஷினின் பெயரிலோ குவாண்டம், மேக்னடிக், ரெசோனன்ஸ் எல்லாம் இருக்கின்றன. இது சுத்தப் பித்தலாட்டம். காரணம் சொல்கிறேன்.

ஜோடியில்லாத எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுதான் ஃப்ரீ ராடிக்கல். அதில் ஹைட்ராக்சில் என்ற வகையின் ஆயுள், ஒரு நொடியில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு. கம்பியில் அது சிக்குமா? அதனால்தான் விஞ்ஞானிகள் சுற்று வழியில் போனார்கள். சட்டென்று மறையாத ஒரு ராடிக்கலை எலிக்கு ஊசியில் ஏற்றி, காந்தத்துக்குள் வைத்து, அதன் எலக்ட்ரானை ரேடியோ அலையால் உசுப்பினால், அக்கம்பக்கத் தண்ணீரின் எம்.ஆர்.ஐ. சிக்னல் கூடும். 1953-ல் ஓவர்ஹவுசர் சொன்ன தத்துவம் இது. 1988-ல் அபர்டீனில் லூரி குழுவினர் இதைப் படமெடுக்கும் முறையாக்கினார்கள். 2002-ல் எலியின் புற்றுக்கட்டியில் ஆக்சிஜன் அளவை இப்படிப் படமெடுத்த அமெரிக்க ஆய்வுக் கட்டுரையில், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த சுப்பிரமணியன் பெயரும், மதுரை காமராஜர் பல்கலைக்கழக முருகேசன் பெயரும் உண்டு. அவ்வளவு பாடுபட்டும் அவர்கள் பார்த்தது ஊசியில் ஏற்றிய ராடிக்கலைத்தான். இந்தத் தம்பி மட்டும் ஒரே நிமிடத்தில் உங்கள் உள்ளங்கையில் பார்த்துவிட்டாராம்!

"சத்து மாத்திரைதானே, சாப்பிட்டா என்ன கெட்டுப்போச்சு?" என்பார்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1994-ல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அதுவும் ஆன்டி ஆக்சிடன்ட்தான்.

நம்மில் பலர் இந்த வட்டாரத்துக் கார், லாரி கம்பெனிகளில் ஆயுளைக் கழித்தவர்கள். கேலிப்ரேஷன் தேதி தாண்டிய வெர்னியரை லைனில் தொட விட்டிருப்போமா? அடுத்த முகாமில் ஒரே கேள்வி கேளுங்கள்: "தம்பி, இந்த மெஷினுக்குக் கேலிப்ரேஷன் சர்டிபிகேட் எங்கே?" பதில் வராது. டப்பாவுக்கு வைத்திருந்த பென்ஷன் காசைக் கீரைக்காரம்மாவிடம் கொடுங்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் டாக்டரிடம் போங்கள்.